வளவுக்குள் உடற்பயிற்சி: செல்போனை வைத்து வீட்டிலேயே செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

2020 மார்ச் 25-ஆம் தேதி நாடு முழுக்க ஊரடங்கு வந்ததும் செட்டிநாட்டில், காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் பலருக்குக் காலை நடை நின்றுபோனது. ஊருணிக்கரையில் ஆள் இல்லை, மைதானத்துக்குப் பூட்டு, ஜிம்முக்கும் பூட்டு. தமிழ்நாட்டில் ஜிம்கள் ஆகஸ்ட் 10-ஆம் தேதிதான் திறந்தன. 2021 ஏப்ரல் கடைசியில் மறுபடியும் மூடின. அந்தக் காலத்தில் செல்போனைப் பார்த்து உடற்பயிற்சி செய்யப் பழகியவர்கள் ஏராளம். ஊரடங்கு முடிந்ததும் பலர் விட்டுவிட்டார்கள், சிலர் இன்றும் செய்கிறார்கள்.

நான் கவனித்தவரை, விட்டவருக்கும் விடாதவருக்கும் உள்ள வித்தியாசம் ஆப்பில் இல்லை. விடாதவரைப் போன் வழியாக யாரோ ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்: ஒரு பயிற்சியாளர், சிங்கப்பூரில் இருக்கும் மகள், அடுத்த தெரு நண்பர். 2020 மார்ச் 24 அன்று இங்கிலாந்தின் ஜோ விக்ஸ் யூடியூபில் நேரலையாக நடத்திய பயிற்சியை ஒரே நேரத்தில் 9,55,185 திரைகளில் பார்த்தார்கள். அது கின்னஸ் சாதனை. ஆனால் அந்தத் திரைகளுக்கு முன்னால் யார் முதுகு வளைந்தது, யார் முழங்கால் உள்பக்கம் சரிந்தது என்று அவருக்குத் தெரிய வழியில்லை. அதனால் இந்த வழிகாட்டியில் வீடியோ தேடுவதற்குக் கொஞ்சமும், உங்களை ஒருவர் பார்க்க வைப்பதற்கு நிறையவும் இடம் கொடுத்திருக்கிறேன்.

படி 1: உடம்பு இப்போது எப்படி இருக்கிறது?

எந்த ஆப்பையும் இறக்குவதற்கு முன்னால் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். கை வைக்காத, சுமார் 17 அங்குல உயர நாற்காலி ஒன்றை எடுத்துச் சுவரில் ஒட்டிப் போடுங்கள். தாத்தா காலத்துச் சாய்வு நாற்காலி இதற்கு ஆகாது. கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, போனில் 30 விநாடி டைமர் வைத்து, முழுதாக எழுந்து முழுதாக உட்காருங்கள். எத்தனை முறை எழ முடிந்தது என்று எண்ணுங்கள். கையை ஊன்றித்தான் எழ முடிகிறது என்றால் கணக்கு பூஜ்யம்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அளவுப்படி, 60–64 வயதில் ஆண்கள் 14-க்கும் பெண்கள் 12-க்கும் குறைவாக எழுந்தால் கால் பலம் குறைவு, விழும் ஆபத்து உண்டு. 70–74 வயதுக்கு அந்த எண்கள் 12, 10. வீட்டில் ஒருவரைப் பக்கவாட்டில் நின்று இதை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். தேதியோடு பத்திரப்படுத்துங்கள், பின்னால் வேலைக்கு ஆகும்.

நெஞ்சுவலி, தலைசுற்றல், கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம், சமீபத்தில் அறுவை சிகிச்சை ஆனவர்கள் முதலில் டாக்டரிடம் கேட்க வேண்டும். சர்க்கரைக்கு இன்சுலினோ, சர்க்கரையை இறக்கக்கூடிய சில மாத்திரைகளோ எடுப்பவர்கள் தொடங்கும் முன் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 90-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்கட்டும்.

படி 2: இடம்

எட்டடிக்கு ஆறடி இடம் போதும். புதுக் குடியிருப்புகளில் கட்டிலை நகர்த்தினால் கிடைத்துவிடும். பழைய வீட்டுக்காரர்களுக்கு இடப் பஞ்சம் இல்லை, தரைதான் சிக்கல். எண்ணெய் போட்டுத் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கும் ஆத்தங்குடிக் கல்லில் வியர்வை சொட்டினால் வழுக்கும். யோகா விரிப்பின் அடிப்பக்கம் ரப்பராக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பாயும் ஜமுக்காளமும் அந்தத் தரையில் நழுவும்.

வளவு வாசல், அதாவது செட்டிநாட்டு வீட்டின் நடுவே இருக்கும் திறந்த முற்றம், காலையில் அருமையான இடம். பத்து மணிக்கு மேல் அங்கே வெறுங்காலோடு போகாதீர்கள். சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு, சூடான கல்லில் தோல் வெந்தாலும் உடனே தெரியாது. கத்திரி வெயில் நாட்களில் காலை ஏழுக்குள் முடித்துவிடுவது நல்லது.

படி 3: இரண்டாங்கட்டுக்கு நெட் வருமா?

நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளில் நான் அதிகம் கேட்ட புகார் இது. வைஃபை பெட்டி முகப்பில் இருக்கும், பயிற்சி செய்யும் இடம் வீட்டின் பின்பகுதியான இரண்டாங்கட்டில் இருக்கும். நடுவே பழைய செங்கல் சுண்ணாம்புச் சுவர்கள், தேக்குக் கதவுகள். வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கும். "போன் சரியில்லை" என்று ஆச்சி பயிற்சியை விட்டுவிடுவார்.

பணம் செலவில்லாத வழியை முதலில் பாருங்கள். பெரும்பாலான பெட்டிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசை தரும். 5-இல் வேகம் அதிகம், ஆனால் சுவரைத் தாண்டுவது கஷ்டம். பின்கட்டில் இருப்பவர்கள் 2.4-ஐத் தேர்ந்தெடுங்கள். அடுத்தது, பெட்டியை முகப்பிலிருந்து வளவைப் பார்த்த மாதிரி, மழை படாத தாழ்வாரத்துக்கு மாற்றுங்கள். வளவு திறந்த வெளி என்பதால் அங்கிருந்து அலை நாலு பக்கமும் தடையில்லாமல் போகும். அப்படியும் எட்டாவிட்டால், கேபிள் இழுத்து இரண்டாங்கட்டில் இன்னொரு பெட்டி வைப்பதுதான் நிலையான தீர்வு. சுவரில் செருகும் மலிவான சிக்னல் பெருக்கிகளை நான் பரிந்துரைப்பதில்லை. தனக்கே சரியாக வந்து சேராத சிக்னலைத்தான் அவை பெருக்கும்.

நெட்டே இல்லாவிட்டாலும் சரி. சிக்னல் உள்ள இடத்தில் வீடியோவை யூடியூப் ஆப்பிலேயே பதிவிறக்கி வைத்துக்கொள்ளலாம். ஒரு மணி நேர வீடியோ 480 தரத்தில் சுமார் அரை ஜிபி இழுக்கும், 720-இல் அதைப்போல் இருமடங்கோ அதற்கு மேலோ. பிள்ளையின் ஆன்லைன் வகுப்பும் அதே போனில்தான் என்ற வீடுகளில் இந்தக் கணக்கு முக்கியம். 2020 மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை இந்தியாவில் மொபைலுக்கு வந்த வீடியோவை நிறுவனங்களே 480-க்குக் குறைத்திருந்தன. குந்தி எழுவதைப் பார்க்க அது தாராளம்.

படி 4: போனை எங்கே நிறுத்துவது

இதில் ஐந்து நிமிடம் செலவழித்தால் மற்றதெல்லாம் சுலபம். திறந்த வளவுக்கு முதுகைக் காட்டி நின்றால் கேமராவில் நீங்கள் கருப்பு உருவமாகத் தெரிவீர்கள். தாழ்வாரத்தில் வளவைப் பார்த்து நில்லுங்கள். போனின் முதுகு வளவுப் பக்கம் இருக்கட்டும். வெளிச்சம் உங்கள் மேல் விழும்.

உயரம் இடுப்பளவு, தூரம் எட்டு முதல் பத்தடி, தலையும் பாதமும் படத்துக்குள் அடங்க வேண்டும். ஸ்டாண்ட் இல்லையென்றால் ஸ்டூல் மேல் செம்பை வைத்து அதில் போனைச் சாய்த்தாலே போதும். குந்துதல், குனிதல், தண்டால் எல்லாவற்றுக்கும் பக்கவாட்டுக் கோணம். முழங்கால் சரிகிறதா என்று பார்க்க மட்டும் நேர் கோணம்.

டிவியில் பார்க்க விரும்பினால் போனும் டிவியும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். பழைய டிவியாக இருந்தால் பின்னால் செருகும் ஸ்டிக் ஒன்று வாங்கலாம்.

படி 5: வீடியோவைத் தேர்ந்தெடுத்து, பிறகு அதை விட்டுவிடுவது

"30 நாளில் தொப்பை கரையும்" என்று தலைப்பு இருந்தால் தாண்டிப் போங்கள். வயிற்றுக்குப் பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் கரையும் என்பது நடக்காத காரியம். சொல்லிக்கொடுப்பவர் பக்கவாட்டில் நின்று காட்டுகிறாரா, முடியாதவர்களுக்கு எளிய மாற்று சொல்கிறாரா, எப்போது நிறுத்த வேண்டும் என்கிறாரா என்று பாருங்கள். மூன்றும் இருந்தால் அவருக்கு எத்தனை சந்தாதாரர் என்பது முக்கியமில்லை.

இலவச ஆப்களும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் எம்யோகா 2021 ஜூன் 21-ஆம் தேதி, யோகா தினத்தன்று வந்தது. பிட் இந்தியா ஆப் அதே ஆண்டு ஆகஸ்ட் 29-இல் வந்தது. வயதுக்கேற்ற உடல்தகுதிச் சோதனைகள் அதில் இருக்கின்றன. ஆயுஷ் அமைச்சகத்தின் ஒய்-பிரேக் நாற்காலியில் உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்களுக்கான ஐந்து நிமிட யோகா. காசு கட்டும் ஆப் என்றால், இலவசக் காலம் முடிந்ததும் யுபிஐ ஆட்டோபேயில் பணம் தானாகப் போகும்படி வைத்திருக்கிறார்களா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். நடையை எண்ணும் ஆப்புக்கு உங்கள் தொடர்பு எண்கள் எதற்கு? கேட்டால் மறுத்துவிடுங்கள்.

வீடியோவை முதலில் செய்யாமல் பாருங்கள், வேகத்தை 0.75-இல் வைத்து. இரண்டாவது முறை நிறுத்தி நிறுத்திச் செய்யுங்கள். அப்புறம் போனின் குரல் பதிவை எடுத்து, பயிற்சிகளை வரிசையாக உங்கள் குரலிலேயே சொல்லிப் பதியுங்கள்: "நாற்காலியில் உட்கார்ந்து எழு, பத்து. ஒன்று... இரண்டு..." நடுவில் ஓய்வுக்கும் இடம் விடுங்கள். மறுநாளிலிருந்து அந்தக் குரல் போதும். திரையைப் பார்க்கக் கழுத்தைத் திருப்ப வேண்டியதில்லை, விளம்பரம் குறுக்கே வராது, டேட்டா போகாது, மின்தடை நாளிலும் நடக்கும். தமிழில் எண்ணிச் செய்வது வீட்டுப் பெரியவர்களுக்குப் பிடித்தும் இருக்கிறது.

எவ்வளவு செய்ய வேண்டும்? உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி என்கிறது. அதோடு இரண்டு நாளாவது தசைப் பயிற்சி. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு, தடுமாறாமல் நிற்க உதவும் பயிற்சி மூன்று நாள். மிதம் என்றால் பேச முடியும், பாட முடியாது, அந்த அளவு.

இதை வாரக் கணக்காக மாற்றினால்: ஐந்து நாள் அரைமணி நடை, திங்களும் வியாழனும் 20 நிமிட தசைப் பயிற்சி. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தண்டால், குதிகாலைத் தூக்கி இறக்குவது, பையில் அரிசி போட்டு முழங்கையை மடக்கித் தூக்குவது. ஒவ்வொன்றும் பத்து, இரண்டு சுற்று. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒரு கிலோ என்பதால் எடைக்கு வேறு தேட வேண்டாம். பிள்ளையார்பட்டிக்காரர்களுக்குத் தோப்புக்கரணத்தை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. முட்டி ஒத்துழைத்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தடுமாற்றத்துக்கு வளவுத் தூண் அருகே, ஒரு பாதத்துக்கு முன் இன்னொன்றை ஒட்டிவைத்து நிற்கலாம். பிடித்துக்கொள்ளத் தூண் இருக்கிறது.

படி 6: யார் பார்ப்பது?

செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் பலவற்றில் இன்று வயதானவர்கள் மட்டும் இருக்கிறார்கள். பிள்ளைகள் சென்னை, சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கா என்று பிரிந்திருக்கிறார்கள். தினமும் "சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா" என்று ஒரு வீடியோ அழைப்பு எப்படியும் வருகிறது. அதில் வாரம் இரண்டு அழைப்பைப் பயிற்சி நேரமாக்குங்கள் என்பதுதான் என் யோசனை.

சிங்கப்பூரும் கோலாலம்பூரும் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தி. நமக்கு மாலை ஆறு என்றால் அவர்களுக்கு இரவு எட்டரை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்திருப்பார்கள். இரண்டு பேருக்கு வாட்ஸ்அப் போதும். தெருக்காரர்கள், பங்காளி வீடுகள் என்று கூட்டமாகச் சேர்ந்தால் கூகுள் மீட்டில் இலவசமாக ஒரு மணி நேரமும் ஜூமில் 40 நிமிடமும் கிடைக்கும். அந்த 40 நிமிடம் குறையாகத் தெரியவில்லை: உடம்பைச் சூடாக்க ஏழெட்டு நிமிடம், பயிற்சி 25, தளர்த்த ஐந்து. ஜூமில் கடவுச்சொல்லையும் காத்திருப்பு அறையையும் அணைக்காதீர்கள். 2020-இல் அழையாதவர்கள் வகுப்புக்குள் நுழைந்து தொல்லை செய்ததால்தான் அவ்வாண்டு ஏப்ரலில் இரண்டையும் இயல்பாகவே இயங்க வைத்தார்கள்.

பட்டாலை என்னும் பெரிய ஹாலில் உயரக் கூரையால் குரல் எதிரொலிக்கும். போனை ஸ்பீக்கரில் அலறவிடாமல் சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கரை உங்கள் பக்கத்தில் வையுங்கள். ஒரே ஹாலில் இரண்டு போன் ஒரே அழைப்பில் இருந்தால் ஒன்றின் மைக்கை அணைக்க வேண்டும், இல்லையென்றால் காதைப் பிளக்கும்.

பார்ப்பவர் பயிற்சியாளராக இருக்க வேண்டியதில்லை. மூன்று விஷயம் தெரிந்தால் போதும். உட்கார்ந்து எழும்போது முழங்கால் பாதத்தின் திசையிலேயே போக வேண்டும், உள்ளே சரியக் கூடாது. சுவர்த் தண்டாலில் தலையிலிருந்து குதிகால் வரை நேர்க்கோடு. மூன்றாவதுதான் முக்கியம்: மூச்சை அடக்கக் கூடாது, அடக்கினால் இரத்த அழுத்தம் ஏறும். இதற்கு எளிய வழி, செய்பவரையே உரக்க எண்ணச் சொல்வது. எண்ணிக்கொண்டே மூச்சை அடக்க யாராலும் முடியாது.

"அப்பத்தா, சத்தமா எண்ணுங்க, கேக்கலை."

"எண்ணிக்கிட்டுத்தான்டா இருக்கேன், ஏழு! நீ எந்திரிச்சியா, இல்ல உக்காந்துகிட்டே வேடிக்கை பாக்கிறியா?"

இந்தப் பேச்சு எந்த ஆப்பிலும் கிடைக்காது. பேரனும் சேர்ந்து செய்தால் இரண்டு பேருக்கும் நல்லது.

அழைப்பு எடுக்க ஆள் இல்லாத நாட்களில் 20 விநாடி வீடியோ எடுத்து அனுப்புங்கள். முதல் வாரத்து வீடியோவையும் நாலாவது வாரத்து வீடியோவையும் அடுத்தடுத்துப் பார்த்தால் முன்னேற்றம் தெரியும். படி 1-இல் எடுத்ததைப் பத்திரப்படுத்தச் சொன்னது இதற்குத்தான்.

ஒரு ஏற்பாட்டை மட்டும் முதல் அழைப்புக்கு முன்பே முடித்துவிடுங்கள். கானாடுகாத்தானில் அம்மா தடுமாறி விழுந்தால் வெளிநாட்டிலிருந்து 108-ஐ அழைக்க முடியாது. பக்கத்து வீட்டார் எண், சாவி யாரிடம், எந்தக் கதவு திறந்திருக்கும் என்பது பார்ப்பவர் கையில் இருக்க வேண்டும். பயிற்சி நேரத்தில் முகப்புக் கதவைத் தாழிட வேண்டாம். அந்தக் கதவின் கனம் உங்களுக்கே தெரியும்.

படி 7: எண்களை எவ்வளவு நம்புவது

பத்தாயிரம் அடி என்ற இலக்கு 1965-இல் ஜப்பானில் விற்ற ஒரு நடைமானியின் விளம்பரத்திலிருந்து பரவியது. 2019-இல் அமெரிக்காவில் சராசரி 72 வயதுள்ள சுமார் 17,000 பெண்களை ஆராய்ந்ததில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் குறைவாக இருந்தது. சுமார் 7,500-க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. எனவே 10,000 வராத நாளில் ராத்திரி பதினொரு மணிக்குத் தாழ்வாரத்தைச் சுற்ற வேண்டாம்.

அடிகளை எண்ண நெட்டோ ஜிபிஎஸ்ஸோ தேவையில்லை. போனுக்குள் இருக்கும் அசைவு உணரி போதும். போன் உடம்போடு இருந்தால்தான் எண்ணும். புடவையில் பை இல்லாததால் இடுப்பில் சின்னப் பை கட்டிக்கொள்ளலாம். கையில் கட்டும் பேண்டுக்கு வேறு கோளாறு: உட்கார்ந்த இடத்தில் கையை வேகமாக ஆட்டி வேலை செய்தாலும் சில அடிகளைச் சேர்த்துக்கொள்ளும், தடி ஊன்றி மெதுவாக நடப்பவரின் அடிகளை விட்டுவிடும். மெதுவாக நடப்பவர்கள் நிமிடத்தைக் கணக்கு வையுங்கள், அடியை மறந்துவிடுங்கள். வளவைச் சுற்றுபவர்கள் ஒரு சுற்றை டேப் வைத்து ஒருமுறை அளந்துவிடுங்கள். 40 மீட்டர் என்றால் 25 சுற்று ஒரு கிலோமீட்டர். பத்துச் சுற்றுக்கு ஒருமுறை திசை மாறுங்கள், ஒரே பக்கம் திரும்பினால் முட்டி வலிக்கலாம்.

பேண்டின் இதயத் துடிப்புக் கணக்கு ஓரளவு நம்பலாம், கலோரிக் கணக்கைச் சுத்தமாக நம்ப வேண்டாம். 2017-இல் ஸ்டான்போர்டில் ஏழு கருவிகளைச் சோதித்தபோது கலோரியில் நல்ல கருவியே சராசரி 27 சதவீதம் தவறியது, மோசமானது 93 சதவீதம். "400 கலோரி எரிச்சாச்சு" என்று பேண்ட் சொன்னதை நம்பிக் கந்தரப்பம் என்ற இனிப்பில் கை வைக்காதீர்கள். கந்தரப்பத்தை அதன் ருசிக்காகச் சாப்பிடுங்கள், அது வேறு.

ஊசி குத்தாமல் சர்க்கரை பார்க்கிறோம் என்று விற்கும் வாட்சுகளை வாங்கவே வாங்காதீர்கள். அப்படி எந்த வாட்சுக்கும் அனுமதி தரவில்லை என்று 2024 பிப்ரவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. தவறான எண்ணைப் பார்த்து இன்சுலின் போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

படி 8: கோவிட் வந்து தேறியவர்களுக்கு

அறிகுறி எல்லாம் போய்க் குறைந்தது ஏழு நாள் ஆகட்டும். அதன் பிறகும் முதல் இரண்டு வாரம் மெதுவான நடை, மூச்சுப் பயிற்சி, உடம்பை நீட்டுவது ஆகியவை மட்டும். 2021 ஜனவரியில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த வழிகாட்டுதல் இதைத்தான் சொன்னது. நெஞ்சு படபடப்பு, வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். பயிற்சி செய்த மறுநாள் எழுந்திருக்கவே முடியாத அசதி வந்தால் அதைத் தள்ளிக்கொண்டு போகாதீர்கள். அளவைப் பாதியாகக் குறையுங்கள். தொடரை விடாதே என்று தினமும் நச்சரிக்கும் ஆப்களின் அறிவிப்பை இந்தக் காலத்தில் அணைத்து வைப்பது நல்லது.

படி 9: வீட்டிலிருந்து பழனிச் சாலைக்கு

பயிற்சிக்கு ஒரு தேதி வேண்டும். நம் பக்கத்தில் அது தயாராகவே இருக்கிறது: பழனிக்குப் பாதயாத்திரை போகும் தைப்பூசம். 2022-இல் தைப்பூசம் ஜனவரி 18-இல் வந்தபோது, ஒமைக்ரான் கட்டுப்பாட்டால் கோயில்களில் பக்தர்களுக்கு அனுமதி இல்லை. அதற்குப் பிறகு நடக்க வந்த பலர் இரண்டு வருடம் வீட்டுக்குள் இருந்த காலோடு வந்தார்கள். குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல்.

ஐப்பசி கடைசியிலேயே தொடங்குங்கள். வாரத்தில் ஒரு நாள் நீண்ட நடை, முதலில் 5 கிலோமீட்டர், பிறகு 7, 9 என்று கூட்டிக்கொண்டே போய் மார்கழிக்குள் 18, 20. இங்கேதான் போனின் ஜிபிஎஸ் பயன்படும், வளவுக்குள் அது தாறுமாறாகக் கோடு போடும். கடைசி மூன்று வாரம் அடுத்தடுத்த இரண்டு நாள் நடந்து பாருங்கள். பாதயாத்திரையில் கஷ்டம் இரண்டாம் நாள் காலையில்தான் தெரியும். வீட்டுத் தசைப் பயிற்சியை விடாதீர்கள், குதிகால் தூக்குவதை இருமடங்காக்குங்கள்.

தினமும் இரவு இரண்டு உள்ளங்காலையும் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். குனிந்து பார்க்க முடியாதவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் கொப்புளத்தைத் தொடக்கத்திலேயே பிடிக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. வெறுங்காலில் நடப்பதா என்பதைச் சர்க்கரைக்காரர்கள் டாக்டரோடு பேசி முடிவெடுங்கள்.

விடியலுக்கு முன் நடப்பவர்கள் போன் டார்ச்சை நம்ப வேண்டாம், பேட்டரி போய்விடும். லாரிக்காரர் கண்ணில் படும்படி பையிலும் முதுகிலும் ஒளிரும் பட்டை ஒட்டுங்கள். பவர் பேங்க் ஒன்று போதும். வீட்டாருக்கு வாட்ஸ்அப்பில் நேரடி இருப்பிடம் அனுப்பினால் அதிகபட்சம் எட்டு மணி நேரம்தான் தெரியும். எனவே காலையில் கிளம்பும்போது ஒருமுறை, மதியம் தங்குமிடத்தில் ஒருமுறை மறக்காமல் அனுப்புங்கள்.